டீ வாசனையே பிடிக்காத நாட்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் வந்திருந்தாள். கர்ப்பத்தின் ஏழாவது வாரம். டீயை ஆற்றி நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பெரியம்மா, அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைங்களேன்" என்கிறாள். ஒரு நாளைக்கு நாலு டீ குடித்துக்கொண்டிருந்தவள்! பால் பொங்குகிற வாடையே ஆகவில்லையாம். நான் டம்ளரோடு திண்ணையின் அந்தக் கோடிக்குப் போனேன். அவள் ஒரு கிண்ணம் பொரியோடு காற்று வரும் பக்கமாக உட்கார்ந்தாள்.

"மார்னிங் சிக்னஸ்னு சொல்றாங்க. எனக்குச் சாயங்காலம்தான் அதிகமா இருக்கு. ஏதாவது கோளாறா?" என்பதுதான் முதல் கேள்வி. கோளாறு அந்த ஆங்கிலப் பெயரில்தான். நம்முடைய 'மசக்கை'யில் காலையும் இல்லை, மாலையும் இல்லை. அது எந்த நேரமும் வரும். கருவுற்றவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு வருகிறது. ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பது பத்தாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்குப் பதினாறாவது வாரத்துக்குள் தணிந்துவிடும். இன்னும் கொஞ்சம் ஏறித்தான் இறங்கும் என்று அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் மனசுதான் காரணம் என்று பெரிய டாக்டர்களே சொன்னதுண்டு. 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு வேறு விடை சொல்கிறது. கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கிற ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் தாயின் மூளைத்தண்டைத் தூண்டிக் குமட்டலை உண்டாக்குகிறது. கர்ப்பத்துக்கு முன் அது உடம்பில் குறைவாக இருந்தவர்களுக்குத் திடீரென ஏறும்போது அவதி அதிகம். ஆகவே மருமகள் 'நடிக்கிறாள்' என்ற பேச்சை இனி விட்டுவிடலாம்.

செய்யக்கூடியது என்ன? வயிறு காலியாகக் கிடந்தால் குமட்டல் கூடும். படுக்கைப் பக்கத்திலேயே ரஸ்க்கோ பொரியோ வைத்துக்கொண்டு, எழுவதற்கு முன் நாலு வாய் மென்றுவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து மெதுவாக எழ வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக்கொள்ளலாம். சாப்பாட்டோடு தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்காமல், இடையிடையே ஒவ்வொரு வாயாகக் குடிப்பது நல்லது. சுடு சோற்றின் ஆவி ஆகாதவர்களுக்கு ஆறிய தயிர்சாதம் இறங்கும். இஞ்சி சிலருக்கு உண்மையாகவே கேட்கிறது. "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று யாராவது வற்புறுத்தினால் காதில் வாங்க வேண்டாம். முதல் மூன்று மாதம் கூடுதல் சாப்பாடு தேவையே இல்லை. ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரைதான் புரட்டுகிறது என்றால் டாக்டரிடம் சொன்னால் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

வாந்திக்கு மாத்திரை என்றதும் என் தங்கை பதறினாள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறக்கக் காரணமானது. இன்று டாக்டர்கள் முதலில் எழுதித் தரும் டாக்ஸிலமைனும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை அந்த வகை அல்ல. பல பத்தாண்டுகளாகப் பார்த்துப் பாதுகாப்பானது என்று ஏற்கப்பட்டது. மருந்துக்கடையில் கேட்டு வாங்காமல் டாக்டர் எழுதித் தந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து நடை. "அசையாம படுத்திரு, கலைஞ்சிடும்" என்று அவள் மாமியார் சொல்கிறாராம். சிக்கலில்லாத கர்ப்பம் நடப்பதால் கலையாது. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் இந்த வாரங்களில் கணக்கைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். தெம்பு இருக்கிற வேளையில் பத்து நிமிஷம் போதும், வெயில் தாழ்ந்த பிறகு. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். புரட்டுகிற நாளில் படுத்துக்கொள்ளட்டும், குற்றவுணர்ச்சி வேண்டாம். ரத்தக்கசிவு, இதயக் கோளாறு, முன்பு கருச்சிதைவு இருந்தவர்கள் மட்டும் முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டு நடக்க வேண்டும்.

இவ்வளவையும் மீறி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் அடர்மஞ்சளாகிறது அல்லது எட்டு மணி நேரமாக வரவே இல்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, எடை குறைகிறது என்றால் அது பொறுத்துக்கொள்ளும் மசக்கை அல்ல. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சலைன் ஏற்றினால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி, உதிரப்போக்கு என்றால் விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி இருந்தால், "நாங்களெல்லாம் பெத்துக்கலையா" என்று மட்டும் கேட்காதீர்கள். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.