பத்தடிக் காம்பிராவும் இருதய யந்திரமும்

றொசல்லப் புகையிரத நிலையத்தைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளில் நீண்டு கிடக்கும் லயங்களை அறியாதார் மலைநாட்டில் இலர். ஆங்கிலேயர் காலத்து லயங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த காம்பிரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அண்மையில் விஞ்ஞான பாடவேளை ஒன்றில், அந்த அளவை வகுப்பறைத் தரையிற் சுண்ணக்கட்டியால் வரைந்தோம். ஒரு கட்டிலுக்கும் ஒரு துணிப்பெட்டிக்கும் இடம் குறித்தோம். பின்பு மாணவரை நோக்கி, "கட்டிலில் ஒருவர் நெஞ்சு வலியோடு படுத்திருக்கிறார். அவருடைய இருதயத்தைச் சோதிக்கும் யந்திரத்தை எங்கே வைப்பீர்கள்?" என்று வினவினோம். வகுப்பு அமைதியாயிற்று. அந்த அளவு அவர்களிற் பலருக்கு வீட்டிலேயே பழக்கமானதன்றோ?

இருதயம் எழுதும் கோடு

இருதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஒரு சிறு மின்னலை அதன் தசைகளிற் பரவுகிறது. தோலின்மேல் அதன் அளவு ஏறக்குறைய ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கே. கை கால்களில் 4, மார்பில் 6 ஆக 10 மின்வாய்களைப் பொருத்தி, அந்த அலையை 12 கோணங்களிலிருந்து நோக்கி, வினாடிக்கு 25 மில்லிமீற்றர் வேகத்தில் ஓடும் தாளில் வரைகிறார்கள். இதனையே மக்கள் ஈ.சீ.ஜீ. என்பர். நெஞ்சு வலியோடு வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் இதனை எடுத்துப் பார்த்தல் வேண்டும் என்பது இன்றைய வைத்திய நெறி. இரத்தக் குழாயின் அடைப்பு நீடிக்குந்தோறும் இருதயத் தசை மடிகிறது. மடிந்த தசை மீள்வதில்லை.

ஐவர் இயக்கிய கருவி

இக்கலையின் தந்தை எனத்தக்க வில்லெம் ஐந்தோவன், 1860 ஆம் ஆண்டில் யாவாத் தீவின் செமராங் நகரிற் பிறந்த ஒல்லாந்தர். லெய்டன் நகரில் அவர் அமைத்த கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடையது. அதனை இயக்க ஐவர் வேண்டும். நோயாளி தம் கைகளையும் காலையும் உப்புநீர்க் கலங்களில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். கருவியை நோயாளியிடம் கொண்டு செல்ல வழியில்லை. ஆகவே 1905 இல், வைத்தியசாலையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த தம் ஆய்வுகூடத்துக்கு, தொலைபேசிக் கம்பி வழியே இருதயத்தின் மின்னலையை வரவழைத்தார்! 1924 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1928 இல் அமெரிக்காவின் சான்போர்ன் கம்பனி, மோட்டார் வண்டி பற்றரியால் இயங்கும் 50 இறாத்தற் கருவியை வெளியிட்டது. இருதய யந்திரம் ஒருவாறு நடக்கத் தொடங்கிற்று.

பஸ் டிக்கட்டின் உதவி

கிராமத்துக்கென்றே கருவி செய்யும் எண்ணம் நம் அயலிலே, பெங்களூரில் உருப்பெற்றது. அங்குள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுநிலையப் பொறியியலாளர், 'மாக் 400' என்னும் கருவியை வகுத்தனர். பருத்த அச்சுப்பொறியை நீக்கி, பிரயாணச் சீட்டு அச்சிடும் கையடக்கக் கருவிகளின் சிறு பொறியைப் பொருத்தினர். பல பொத்தான்களை நான்காகக் குறைத்தனர். மின்சாரம் இல்லாத இடத்தில் பற்றரியால் இயங்கும். முதுகுப் பையில் அடங்கும். வழக்கமான கருவி 2,000 டொலர் விற்றபோது இது 800 டொலருக்குக் கிடைத்தது.

ஆயினும் சிறிதாக்குவது மட்டும் போதாது. மலைநாட்டுக் குளிரில் நோயாளி நடுங்கினால், அத்தசை நடுக்கமும் தாளிற் கிறுக்கலாய் விழும். ஆகவே கம்பளியும் கருவியின் துணைப்பொருளே. சுவரோரத்து மின்கம்பி வினாடிக்கு 50 முறை அதிர்ந்து கோட்டைக் கெடுக்கும்; அதை வடிகட்டும் உபாயம் வேண்டும். ஒரே காம்பிராவிற் குடும்பமே கூடியிருக்க, ஒரு பெண்மணியின் மார்பில் மின்வாய்களைப் பொருத்துவதற்கு ஒரு திரையும் வேண்டும். இடுக்கமான இடத்துக்குக் கருவி வகுப்பவர், இத்தனையையும் எண்ணியாதல் வேண்டும்.

ஒரு மாணவியின் கேள்வி

வகுப்பில் இவற்றைச் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி எழுந்து, "சேர், யந்திரத்தைக் கட்டிலிலேயே வைக்கலாம். ஆனால் அந்தக் கோட்டை யார் வாசிப்பது?" என்றாள். நாம் கேட்ட வினாவினும் அவள் வினாவே பெரிது. தோட்டத்தின் சிறு மருந்தகத்தில் இருதய நிபுணர் இருப்பதில்லை. இங்கேதான் ஐந்தோவனின் தொலைபேசிக் கம்பி மீண்டும் உதவுகிறது.

2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் ஒரு பெருமுயற்சி நடந்தது. சிறிய வைத்தியசாலைகளைப் பெரியவற்றோடு இணைத்து, ஈ.சீ.ஜீ.யைத் தூரத்து நிபுணருக்கு அனுப்பி, மாரடைப்பு நோயாளருக்கு உரிய சிகிச்சையை விரைவுபடுத்தினர். ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 ஆக இருந்தது 14.2 ஆகக் குறைந்தது என்று 2017 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நூறு குடும்பங்களில் மூன்றுக்கு மேற்பட்டவை தம் உயிரனையாரை இழக்கவில்லை என்பது அதன் பொருள்.

நமது பகுதிக்கும் வசதிகள் வந்துள்ளன. டிக்கோயா வைத்தியசாலையின் புதிய கட்டடம் 2017 இல் திறக்கப்பட்டது. 2016 இல் தொடங்கிய 1990 அம்பியூலன்ஸ் சேவை பின்னர் நாடெங்கும் பரவிற்று. எனினும் மலைச்சரிவின் உச்சியிலுள்ள லயத்துக்கும் தார் வீதிக்கும் இடையிலுள்ள ஒற்றையடிப் பாதை இன்னும் நீளமானதே. பையில் அடங்கும் கருவி அப்பாதையில் ஏற வல்லது. அதனை ஏந்திச் செல்லப் பயிற்சி பெற்ற ஒருவரும், மறுமுனையில் விடை கூறும் வைத்தியரும் தோட்டந்தோறும் வாய்த்தல் வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. நெஞ்சில் அழுத்தமும், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும், வியர்வையும் கண்டால், "வாயுக் கோளாறு" என்று விடியும்வரை காத்திராதீர்கள். முதல் ஈ.சீ.ஜீ. நலமாகத் தோன்றினாலும் வைத்தியர் சொல்லும்வரை வீடு திரும்பாதீர்கள். மாணவ மணிகளுக்கு நாம் கூறுவது இது: உங்கள் காம்பிராவின் அளவை உங்களைப்போல் அறிந்த பொறியியலாளர் எவருமிலர். நாளைய கருவியை நீங்களே வகுக்கலாம்.