‘மணலிலும் ஓடும்’ என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்

குந்தாரப்பள்ளி கூட்ரோட்டைச் சுற்றிக் குடியிருந்து குருபரப்பள்ளி, சூளகிரி சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்டு போகிறவர்களும், பிள்ளைகளுக்கு வண்டி தேடும் பெற்றோரும் சைக்கிள் கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: “ரோட்டுலயும் மணல்லயும் ஓடுமா?” “தாராளமா ஓடும்” என்கிறார் கடைக்காரர். தடித்த டயரும் அகன்ற ஹேண்டில்பாரும் மிச்ச வேலையை முடித்துவிடுகின்றன. பணம் கைமாறுகிறது; கையில் வருவது தொகை மட்டும் கிறுக்கிய துண்டுச்சீட்டு. சில மாதங்களில் ஹப் கரகரத்து, பிரேக் பிடிக்காமல் திரும்பிப் போனால் “மணல்ல யாரு ஓட்டச் சொன்னது?” என்ற பதில். இது ஒருவர் இருவர் கதை இல்லை. குரூசர் சைக்கிள் வாங்கப் போகிறவர் டயரின் தடிமனுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது பில்லுக்குக் கொடுத்தால், இந்த வழக்குகளில் பெரும்பாலானவை கடை வாசலிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் வண்டி. குரூசர், ஃபேட் டயர் இரண்டையும் கடைகளில் ஒன்றாகவே பேசுகிறார்கள், இரண்டும் வேறு. குரூசரின் டயர் பெரும்பாலும் 26 × 2.125 அங்குலம், ஃபேட் டயரின் அகலம் சுமார் 4 அங்குலம், அதற்கு மேலும் வரும். உதிரி மணலில் சக்கரம் புதையாமல் இருக்க அகலம் மட்டும் போதாது, காற்றையும் 5 முதல் 10 பிஎஸ்ஐ வரை இறக்க வேண்டும். அதே காற்றோடு தார்ரோட்டில் மிதித்தால் கால் ஓய்ந்துவிடும். குரூசரோ கெட்டியான மண்பாதையிலும் ஏரிக்கரையிலும் சுகமாகப் போகும். தென்பெண்ணை, மார்க்கண்டேய நதிப் படுகை மணலில் இறங்கினால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ரோட்டில் போகிறவருக்குக் குரூசரே சரி. குண்டுகுழிக்குத் தடித்த டயர்தானே நல்லது என்று கேட்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் காற்றைச் சற்றுக் குறைத்தாலே 2 அங்குல டயர் அந்த வேலையைச் செய்யும். அதோடு, இந்தப் பக்கம் ஆற்றில் கிடக்கும் மணலைவிட டிப்பர்களில் இருந்து ரோட்டோரம் சிந்தும் எம்-சாண்டும் கிரஷர் தூளும்தான் ஆளை விழவைக்கின்றன. தார்மேல் மெல்லிசாகப் பரவிய தூளில் 4 அங்குல டயரும் வழுக்கும். அங்கே உதவுவது நிதானமும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடிக்கும் பழக்கமும்தான். ஓசூர் திசையில் நிலம் ஏறிக்கொண்டே போகும். கியர் இல்லாத கனமான வண்டியை எடுக்குமுன் ஒரு மேட்டில் மிதித்துப் பார்த்துவிடுங்கள். இரவு ஷிப்டுக்காரர்கள் ரிஃப்ளெக்டரைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சைக்கிள் ரிஃப்ளெக்டருக்குத் தரக்கட்டுப்பாடு விதித்து 2020-இலேயே மத்திய அரசு ஆணை வெளியிட்டது. பார்த்து வாங்குவார்தான் இல்லை.

இனி பில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்துவிட்டாலும் குறையுள்ள வண்டி விஷயத்தில் கடைக்காரர் தப்பிவிட முடியாது. பொருளின் தரத்தைப் பற்றி வாயால் சொன்ன பொய்யும் சட்டத்தின் கணக்கில் வரும். ஆனால் அதை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? அதனால்தான் எழுத்து. பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், மாடல், ஃபிரேம் நம்பர், வாரண்டி காலம், ‘மணலில் ஓட்ட ஏற்றது’ என்ற வரி, எல்லாம் இருக்க வேண்டும். எழுதத் தயங்கும் கடைக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி வைத்த வண்டி என்றால் மோட்டாரின் வாட்டையும் எழுதச் சொல்லுங்கள். 250 வாட்டையோ மணிக்கு 25 கிலோமீட்டரையோ தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். “பில் போட்டா ரேட்டு ஏறும்” என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம். சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 10,000 ரூபாய் வண்டிக்கு 500 ரூபாய். அதை மிச்சம்பிடித்து மொத்த உரிமையையும் விட்டுக்கொடுப்பது எந்தக் கணக்கில் லாபம்?

பழுது தெரிந்ததும் ஓட்டுவதை நிறுத்தி, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சண்டை போட்டுப் பயனில்லை. குறையையும் கேட்கும் தீர்வையும் எழுதி, 15 நாள் கெடு வைத்து, ஸ்பீடு போஸ்ட்டில் கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்; ரசீதைத் தொலைக்காதீர்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். பலவும் இந்தக் கட்டத்திலேயே முடியும். முடியாவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அத்திப்பள்ளியில் வாங்கினாலும், பெங்களூருவில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். ஒடிசாவில் இருந்தோ பிகாரில் இருந்தோ வந்து இங்கே வேலை செய்யும் தொழிலாளிக்கும் இது பொருந்தும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். பில், வாரண்டி அட்டை, நோட்டீஸ் நகல், தபால் ரசீது, படங்கள், உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். கெடு 2 ஆண்டு. ஆய்வகச் சோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தாக்கள் நீள்கின்றன, யாரும் கேட்பதில்லை. அப்படியிருந்தும் கையில் காகிதம் உள்ளவருக்குத்தான் காத்திருப்பதில் பொருள் உண்டு.

“ஒரு சைக்கிளுக்கு இவ்வளவா?” என்பவர்கள் திருட்டையும் நினைத்துப் பார்க்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், முதல்முறைத் திருட்டில் போலீசார் நீதிமன்ற உத்தரவில்லாமல் விசாரிக்க முடியாது. உங்கள் வண்டி அதற்கு மேல் பெறும் என்று காட்டப் பில்லும், அது உங்களுடையதுதான் என்று காட்ட ஃபிரேம் நம்பரும் வேண்டும். புகார் கொடுத்தால் சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். “சைக்கிள்தானே” என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வரும்போது சைக்கிள் கடைக்குள்ளும் நுழைவதாக இருந்தால், மறுபடி சொல்கிறேன்: பில்லில் ஃபிரேம் நம்பர் ஏறாமல் பணத்தை எடுக்காதீர்கள்.