முதுமையும் ஆண்களின் இனப்பெருக்க ஹார்மோன்களும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடம் சோர்வு, தாம்பத்திய விருப்பக் குறைவு, உடல் வலுக்குறைவு ஆகியவை தோன்றும்போது, வயதாகிவிட்டது என்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலர் கூச்சத்தால் மருத்துவரைத் தவிர்த்து, விளம்பர மருந்துகளை நாடுகின்றனர். இவ்விரண்டும் தீங்கு விளைவிக்கக்கூடும். தென்காசி மாவட்ட மக்களும் சாரல் காலத்தில் குற்றாலம் வருவோரும் இது குறித்து அறிய வேண்டியவை இங்கே தரப்பட்டுள்ளன.

வயதுடன் நிகழும் மாற்றம்

ஆண்களின் முதன்மையான இனப்பெருக்க ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் ஆகும். மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலால் விரைகள் இதனைச் சுரக்கின்றன. விந்தணு உற்பத்தி, தசை மற்றும் எலும்பு வலிமை, இரத்தச் சிவப்பணு உருவாக்கம், பாலுணர்வு ஆகியவற்றுக்கு இது தேவை.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல ஆண்களுக்குத் திடீர் நிறுத்தம் ஏற்படுவதில்லை. ஏறத்தாழ 30 முதல் 40 வயதுக்குப் பின் இதன் அளவு ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு குறைகிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிணைத்து வைக்கும் புரதம் வயதுடன் அதிகரிப்பதால், உடலுக்குப் பயன்படும் பிணையா அளவு சற்று விரைவாகக் குறைகிறது. எனினும் முதியோருள் பெரும்பாலோரின் அளவு இயல்பு வரம்பிலேயே இருக்கும்.

பிற காரணங்கள்

சர்க்கரை நோய், உடல் பருமன், தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, மனச்சோர்வு, உறக்கத்தில் மூச்சுத் தடை, மதுப்பழக்கம், சில மருந்துகள் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். விறைப்புக் குறைபாடு சிலருக்கு இதய இரத்தக் குழாய் நோயின் முன்னறிகுறியாகவும் அமையலாம். ஆகவே அதனை மறைப்பது, காக்கக்கூடிய உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

பரிசோதனை

டெஸ்டோஸ்டிரோன் காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கும். எனவே காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தல் வேண்டும். அளவு குறைவாக இருப்பின் மற்றொரு நாளில் மீண்டும் பரிசோதித்து உறுதி செய்தல் அவசியம். காய்ச்சல் முதலிய நோயுற்ற நாட்களில் இப்பரிசோதனையைத் தவிர்க்கவும்.

சிகிச்சையும் எச்சரிக்கையும்

அறிகுறிகளும் இருந்து, குறைபாடும் உறுதியானால் மட்டுமே மருத்துவர் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையைப் பரிந்துரைப்பார். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இது பொதுவாக அளிக்கப்படுவதில்லை. சிகிச்சையின்போது இரத்தச் சிவப்பணு அளவும் புராஸ்டேட் நிலையும் கண்காணிக்கப்படும். வெளியிலிருந்து செலுத்தப்படும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியைக் குறைத்துவிடும். ஆதலால் குழந்தைப் பேற்றை விரும்புவோர் இதனை முன்னரே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் கிடைக்கும் ஊசிகளை இளைஞர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

அருவிக் குளியலும் எண்ணெய்த் தேய்ப்பும் உடலுக்கு இதமளிக்கலாம். ஆனால் அவை ஹார்மோன் குறைபாட்டுக்கான சிகிச்சை அல்ல. உட்பொருள் விவரமில்லாத லேகியங்களையும் மாத்திரைகளையும் வாங்கி உட்கொள்ளாதீர்கள். சித்த மருத்துவத்தை விரும்புவோர் அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவையோ பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• உடல் எடையைக் கட்டுக்குள் வைத்திருங்கள். பருமனானவர்களுக்கு எடை குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் அளவு உயர வாய்ப்புண்டு.
• நாள்தோறும் நடைப்பயிற்சியும், இயன்ற அளவு தசைப் பயிற்சியும் செய்யுங்கள்.
• போதிய உறக்கம் கொள்ளுங்கள். புகையிலையையும் மதுவையும் கைவிடுங்கள்.
• இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாது பரிசோதியுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

கணவரோ தந்தையோ பேசத் தயங்கினால், கேலியின்றிக் கேளுங்கள். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வாழ்வில் பற்றின்மை, பார்வைக் குறைவுடன் கூடிய தொடர் தலைவலி ஆகியவை காணப்பட்டால் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள். நெஞ்சுவலி ஏற்பட்டால் உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

எங்கு அணுகலாம்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ தென்காசி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையையோ அணுகுங்கள். உயர் சிகிச்சை தேவைப்படின் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைத் தொடர்பு கொள்ளலாம். இக்குறைபாடு இழிவன்று, ஏனைய நோய்களைப்போலவே கண்டறிந்து கவனிக்கத்தக்கது.