சொல்லாமல் தொலையும் எண்கள்

பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் ஓர் அட்டவணை: ஐந்து மழைமானிகள், வரிசை எண்கள் 0 முதல் 4 வரை. பழுதான இரண்டை நீக்கியபின் மிஞ்சுபவை 1, 3, 4. அவற்றின் மழையளவு முறையே 12, 6, 30 மில்லிமீட்டர். இந்த மூன்றையும் ‘சீரிஸ்’ என்ற எண் தொடராக்கிப் புதிய பத்தியாகச் சேர்க்கிறோம். நிரல் தடங்கலின்றி ஓடிவிடுகிறது. ஆனால் அட்டவணையில் 1-ஆம் வரிசையில் 6 இருக்கிறது. 3-லும் 4-லும் வெறுமை. 12-ஐயும் 30-ஐயும் காணவே காணோம்.

பாண்டாஸ் ஒரு சீரிஸின் எண்களை அவை நிற்கும் இடத்தை வைத்துச் சேர்ப்பதில்லை, ‘இன்டெக்ஸ்’ எனும் அவற்றின் அடையாளத்தை வைத்துச் சேர்க்கிறது. நாம் அடையாளம் தராத சீரிஸுக்கு அதுவே 0, 1, 2 என்று அடையாளம் இட்டுவிட்டது. அட்டவணையில் இருப்பவையோ 1, 3, 4. இரண்டுக்கும் பொதுவானது 1 மட்டுமே. இன்னும் மோசம், அங்கே வந்து அமர்ந்த 6 வேறொரு மழைமானியின் அளவு. சராசரி கேட்டால் வெற்றிடங்களைத் தாண்டிவிட்டு 6 என்கிறது. உண்மையில் அது 16.

வெஸ் மெக்கின்னி 2008-ல் நிதி நிறுவனம் ஒன்றில் இருந்தபோது பாண்டாஸை எழுதத் தொடங்கினார். பங்குச் சந்தைத் தரவில் ஒரு பங்குக்கு இருக்கும் தேதி இன்னொன்றுக்கு இருக்காது. அங்கே தேதியைத் தேதியோடு சேர்க்கும் இந்தக் குணம் பெரிய வரம். அதை நான் குறை சொல்லமாட்டேன். இடம் கிடைக்காத எண்ணைச் சத்தமின்றி விட்டுவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அதே மூன்று எண்களைச் சாதாரணப் பட்டியலாகக் கொடுத்திருந்தால் வரிசைப்படி சரியாக அமர்ந்திருக்கும். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் பிழைச் செய்தியாவது வந்திருக்கும்.

வானிலை ஆய்வில் புழங்கும் எக்ஸ்அரே என்ற பைத்தான் நூலகத்தில் ஆபத்து வேறு விதம். இரண்டு அணிகளைக் கூட்டினால் இரண்டிலும் உள்ள அடையாளங்கள் மட்டுமே விடையில் தங்கும். ஒரு கோப்பில் அட்சரேகை 32 பிட்டிலும் இன்னொன்றில் 64 பிட்டிலும் இருந்தால், 0.1 என்ற எண்ணே இரண்டிலும் ஒன்றாக இருக்காது. அந்த ரேகை முழுவதும் கணக்கிலிருந்து நழுவிவிடும்.

பாண்டாஸில் இதைத் தவிர்க்க, வரிசைகளை நீக்கிய கையோடு இன்டெக்ஸைப் புதுப்பித்துவிடலாம். அல்லது சீரிஸை உருவாக்கும்போதே அட்டவணையின் இன்டெக்ஸைக் கொடுத்துவிடலாம். சேர்த்த பிறகு வெற்றிடங்களை எண்ணிப் பார்ப்பதும் அவசியம். எக்ஸ்அரேயில் இணைப்பு முறையை ‘எக்ஸாக்ட்’ என்று மாற்றினால், அடையாளம் பொருந்தாத இடத்தில் அது கணக்கை நிறுத்திப் பிழை காட்டும்.