மரப்பட்டையில் யார் யார்?

மழைக்காலத்தில் கொடைக்கானல் சோலைக்காட்டில் ஒரு முதிய மரத்தருகே நில்லுங்கள். பட்டையில் பச்சைப் படலம், சாம்பல் நிறச் செதில், காளான், மஞ்சள் கூழ் எல்லாம் இருக்கும். மொத்தத்தையும் ‘பாசி’ என்று ஒதுக்கிவிடுகிறோம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் நான்கும் வெவ்வேறு உயிர்கள் என்பது புலப்படும்.

பச்சைப் படலத்தில் குட்டித் தண்டும் இலைகளும் தெரிந்தால் அது மாஸ். உண்மையான வேர் இல்லாத, பூக்காத தாவரம்.

சாம்பல் செதிலில் தண்டும் இல்லை, இலையும் இல்லை. ஒரு சொட்டு நீர் விடுங்கள்; பச்சை மேலெழும். மேலே பூஞ்சை இழைகளாலான தோல்; நனைந்ததும் அது ஒளியை உள்ளே விட, அடியிலுள்ள ஆல்கா தெரிகிறது. இதுதான் லைக்கன். பூஞ்சை வீடு தருகிறது, ஆல்கா சமைத்துப் போடுகிறது. 1867இல் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் இந்தக் கூட்டுவாழ்வை அறிவித்தபோது, லைக்கன் அறிஞர்களே ஏற்க மறுத்தார்கள். எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் நைலாண்டர். ஆனால் வேதிக்கரைசலை ஒரு சொட்டு விட்டு, நிறமாற்றத்தைக் கொண்டு இனம் பிரிக்கும் முறையை நமக்குத் தந்தவரும் அவரே. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் லைக்கன்களைப் பிரிக்க இன்றும் அந்தச் சோதனை வேண்டியிருக்கிறது.

பழக வேறெங்கும் போக வேண்டாம். செட்டிநாட்டு மசாலாவில் சேரும் கல்பாசி லைக்கன்தான். அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்புங்கள்: மேற்புறம் சாம்பல், அடிப்புறம் கறுப்பு, விளிம்பையொட்டிப் பழுப்பு. சில துண்டுகளின் ஓரத்தில் மாவு போன்ற பொடி ஒட்டியிருக்கும். ஒவ்வொரு துகளிலும் பூஞ்சை இழையும் ஆல்காவும் சேர்ந்தே இருக்கின்றன. காற்றோடு போய் விழுந்த இடத்தில் புது லைக்கன் முளைக்கலாம்.

காளான் என்பது மரத்துக்குள் பரவியிருக்கும் பூஞ்சையின் வித்து பரப்பும் உறுப்பு மட்டுமே. குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து இரவு முழுக்க மூடி வைத்தால் வித்துகள் உதிர்ந்து படியும். படிந்த வித்துகளின் நிறம் நல்ல அடையாளம். தின்னலாமா என்பதற்கு அது சான்றல்ல.

மஞ்சள் கூழைச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் அது சளிப்பூஞ்சை. பெயரில் பூஞ்சை இருந்தாலும் பூஞ்சை இனமல்ல. எண்ணற்ற உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய செல், பாக்டீரியாக்களைத் தின்றபடி ஊர்கிறது. மூளையே இல்லாத இந்த உயிர் புதிர்வழியில் இரண்டு உணவுகளுக்கிடையே மிகக் குறுகிய பாதையைப் பிடித்ததை 2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அடையாளம் காணப் படம் எடுத்தால் மேற்புறம், விளிம்பு, ஒட்டியிருக்கும் இடம் மூன்றும் தெரிய எடுங்கள். லைக்கனைச் சுரண்ட வேண்டாம். பெரும்பாலானவை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன.