புகையான் முட்டையின் எட்டு நாட்கள்!

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பூச்சி முட்டையோடு என்னப்பா வேலை என்று கேட்காதீர்கள். நான் திருவாரூர் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. வயல் புகைஞ்சு போனால் என் செமஸ்டர் ஃபீஸும் சேர்ந்தே புகைஞ்சு போகும்!

பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்ததுபோல் காய்வதால்தான் அந்தப் பழுப்புத் தத்துப்பூச்சிக்குப் 'புகையான்' என்று பெயர். பெண் பூச்சியின் வயிற்று நுனியில் நம்ம ஹேக்ஸா பிளேடு மாதிரி பல் வைத்த உறுப்பு ஒன்று உண்டு. அதனால் நெல்லின் இலையுறையைக் கீறி, 2 முதல் 12 முட்டைகள் வரை உள்ளே வரிசையாகச் செருகுகிறது. மேலே மூடி போட்டு அடைத்தும் விடுகிறது. வெளியே தெரிவது மூடியின் நுனி மட்டுமே.

உறையைப் பிளந்து லென்ஸில் பார்த்தால்தான் விஷயம் புரியும். புதிதாக இட்ட முட்டை சுமார் 1 மி.மீ. நீளம், கண்ணாடிபோல் வெள்ளை, வாழைப்பழம்போல் வளைவு. சில நாளில் உள்ளே கரு உருவாகிறது. வியப்பு என்னவென்றால், முதலில் கருவின் தலை மூடிக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. பாதி வளர்ந்ததும் முட்டைக்குள்ளேயே ஒரு குட்டிக்கரணம்! தலை மூடிப்பக்கம் வந்துவிடுகிறது. அங்கே இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவைதான் கண்கள். அவை கருத்துவந்தால் பொரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். 7 முதல் 9 நாளில் மூடியைத் தள்ளிக்கொண்டு வெள்ளைக் குஞ்சு வெளியே வரும்.

ஆனால் முட்டை முழுதுமே ஆரஞ்சுச் சிவப்பாக மாறியிருந்தால் சந்தோஷப்படுங்கள். அதற்குள் வளர்வது புகையான் அல்ல, 'அனாக்ரஸ்' என்னும் மிகச் சிறிய குளவி. முட்டையைத் தின்றே வளரும் நம்ம ஆள்!

இதில் விவசாயிக்கு என்ன பாடம்? மருந்து அடித்தால் தண்டில் உட்கார்ந்திருக்கும் பூச்சி சாகும். உறைக்குள் ஒளிந்திருக்கும் முட்டை பெரும்பாலும் தப்பிக்கும். ஒரு வாரத்தில் புதுக் குஞ்சுகள் வரும்போது, அவற்றைப் பிடிக்க வேண்டிய சிலந்தியும் குளவியும் மருந்திலேயே செத்திருக்கும். அப்புறம் கேட்கவே வேண்டாம். இந்தோனேசியா இதை அனுபவப்பட்டுத்தான் 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது.

நடவின்போது 8 அடிக்கு 1 அடி பட்டம் விடுவது, யூரியாவை அளவோடு போடுவது, வயலை அவ்வப்போது வடித்துக் காயவிடுவது இவையே முதல் வைத்தியம். தூருக்கு ஒரு சிலந்தி இருக்கிற வயலில், சிம்புக்கு 2 பூச்சி வரும்வரை மருந்தைத் தொட வேண்டாம்.

நம்மில் பாதிப்பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகள்தானே? அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது பையில் ஒரு லென்ஸும் போகட்டும். டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் உறையைப் பிரித்துப் பாருங்கள், நண்பர்களே!