குளிர்காலத்தில் சகாரா

சகாரா என்றதும் கொதிக்கும் மணல்தான் நினைவுக்கு வரும். ஆனால், துனிசியாவின் தெற்கே பாலைவன வாசலில் இருக்கும் டூஸ் நகரில், டிசம்பர் மாத இரவுகளில் ஆண்கள் தலையை மூடும் ‘பர்னூஸ்’ என்ற கம்பளி அங்கியோடுதான் வெளியே வருவார்கள். பயணிகள் கூட்டம் கோடையில் மத்தியதரைக் கடற்கரைக்குத்தான். குளிர்காலத்தில் அந்தக் கடற்கரை விடுதிகள் பல காலியாகக் கிடக்கும். பாலைவனத்தை அறிய விரும்புகிறவர்கள் போகவேண்டிய பருவம் அதுவே. வெயிலின் கடுமை விலகியதும், பாலையைப் பாலையாக்குவது தண்ணீர் இல்லாமையே என்பது தெளிவாகப் புரியும்.

அருகிலுள்ள டோசர் நகரில் ஜூலை மாதப் பகல் வெப்பம் சராசரியாக 40 டிகிரி செல்சியஸ். ஜனவரியில் பகலில் 17 டிகிரியை ஒட்டியும், இரவில் 6 டிகிரியை ஒட்டியும் இருக்கும். திறந்த மணல்வெளியில் சில இரவுகளில் உறைநிலையைக்கூடத் தொடும். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் அகச்சிவப்புக் கதிர்களாக வெளியே விடுகிறது. கடலோர ஊர்களில் காற்றிலுள்ள நீராவியும் மேகமும் அதில் ஒரு பகுதியைப் பிடித்து நிலத்துக்கே திருப்பி அனுப்பும். போர்வை போன்ற அந்த நீராவி பாலைவனத்தில் மிகக் குறைவு.

மணலும் இந்த இரவுக் குளிருக்குத் துணைபோகிறது. உலர்ந்த மணல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் பகல் வெப்பம் மேலே சில சென்டிமீட்டருக்குள் தங்கி, இரவில் சட்டென்று வெளியேறிவிடும். விடியற்காலையில் மணல்மேட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். முழங்கை அளவு தோண்டினால் அத்தனை குளிர்ச்சி இருக்காது. அந்த ஆழத்துக்கு இரவும் பகலும் ஏறக்குறைய ஒன்றுதான். மத்மாதா ஊரின் பெர்பர் மக்கள் பூமிக்குள் குடைந்து கட்டிய வீடுகள் இந்த அறிவின் விளைவு. கோடையில் குளுமை, குளிர்காலத்தில் கதகதப்பு.

துனிசியாவின் தென்பகுதியில் மழை பெய்வதும் பெரும்பாலும் குளிர்ந்த மாதங்களில்தான். கோடையில் இப்பகுதியின் மேல் காற்று கீழ்நோக்கி அமிழ்ந்து, மேகம் உருவாகவிடாமல் தடுக்கிறது. குளிர்காலத்தில், காற்று அமிழும் அந்த வளையம் தெற்கே நகர்ந்துவிடும். மத்தியதரைக் கடலின் மழைமேகங்களுக்கு வழி கிடைக்கும். டோசரில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்தான். அந்தச் சிறு மழைக்கே ‘ஷாட் எல் ஜெரிட்’ உப்பளத்தின் முகம் மாறிவிடுகிறது. சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் பரந்த உப்பு வெளி அது. டோசருக்கும் கெபிலி நகருக்கும் இடையே அதன் குறுக்காகவே சாலை போகிறது. கோடையில் அங்கே தண்ணீராகத் தெரிவது கானல். மழை பெய்த குளிர்காலத்தில் தேங்கி நிற்பது நிஜத் தண்ணீர். உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகும் இடங்களில் அது இளஞ்சிவப்பாகக்கூட மாறும்.

மழையால் பசுமை துளிர்த்தால் ஒட்டகத்தின் வாழ்க்கையும் மாறுகிறது. உடலியல் அறிஞர் கனுட் ஷ்மிட்-நீல்சன் 1953-54இல் அண்டை நாடான அல்ஜீரியாவின் பெனி அப்பஸ் என்ற பாலைவனச் சோலையில் ஒட்டகங்களை ஆராய்ந்தார். குளிர்காலத்தில் பசுந்தழை மேயும் ஒட்டகங்கள் மாதக்கணக்கில் தண்ணீர் குடிப்பதில்லை. தழையில் இருக்கும் ஈரமே அவற்றுக்குப் போதும். ஒட்டகங்கள் இணைசேரும் பருவமும் இதுதான். ஆண் ஒட்டகம் வாயில் நுரை தள்ளி, மென்மையான அண்ணத்தைப் பலூன்போல வெளியே தொங்கவிட்டால், பயணிகள் விலகி நிற்பது நல்லது.

நெஞ்சைத் தொடும் காட்சி ஆழ்துளைக் கிணறுகளில் இருக்கிறது. கெபிலி, எல் ஹம்மா பகுதிகளில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே இருந்து வரும் நீர் 60 டிகிரிக்கும் மேல் சுடும். குளிர்ந்த காலையில் அதன் ஆவி தெளிவாகத் தெரியும். பேரீச்சைக்குப் பாய்ச்சுமுன் அதைக் கோபுரங்களில் வழியவிட்டு ஆற்றுகிறார்கள். இரவில் குழாய்கள் வழியே அதே சுடுநீரைச் செலுத்தி, தக்காளி விளையும் பசுமைக்குடில்களைச் சூடாக்குகிறார்கள். அருமையான தொழில்நுட்பம்தான். ஆனால், அந்த நீரின் பெரும்பகுதி சகாரா ஈரமாக இருந்த பழங்காலங்களில் பெய்த மழையின் சேமிப்பு. அல்ஜீரியா, துனிசியா, லிபியா மூன்றும் பங்குபோடும் அந்த நிலத்தடி நீர்த்தேக்கத்தில், ஊறுவதைவிட இறைப்பதே அதிகம். நாம் சுவைக்கும் ‘டெக்லெட் நூர்’ பேரீச்சையில் இந்தப் பழைய மழையும் சேர்ந்திருக்கிறது.

ஆகவே, டிசம்பரிலோ ஜனவரியிலோ போகிறவர்கள் கம்பளியை மறக்க வேண்டாம். உப்பளத்தில் சாலையை விட்டு வண்டியை இறக்க வேண்டாம். மேலோடு உடைந்தால் அடியில் சேறு. நீச்சல்குளம் இல்லாத விடுதியைத் தேடிப் பிடியுங்கள். அறைக்குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்க வேண்டாம். உள்ளூர் விவசாயியின் கணக்கில் அந்தக் குழாய்நீர் திரும்பிவராத முதல். அதைச் சிக்கனமாகச் செலவழிப்பதே விருந்தினர் அந்த மண்ணுக்குச் செய்யக்கூடிய மரியாதை.